வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மாதாப்பூரில் மெட்ரோ ஏறிய இரண்டு தச்சர்கள் என் எதிரில் அமர்ந்து தமிழில் பேசிக்கொண்டார்கள்.

“புள்ள விளையாடுற ரூமுக்கு யாராவது வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கேப்பாங்களாண்ணே?” என்றார் இளையவர்.

“எதுக்காம்?”

“அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் வீட்லயே ஆபீஸ். மீட்டிங்ல அஞ்சு வயசுப் பொண்ணு தொந்தரவு பண்ணுதாம். உள்ள சறுக்குமரம், பொம்மை ஷெல்ஃபு எல்லாம் செஞ்சு குடுத்தாச்சு.”

“முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானடா?”

“வேற ஆளு வந்து இறுக்கமாப் போட்டுருவான். நான் குட்டி ஸ்க்ரூவாப் போட்டிருக்கேன். ரெண்டு தடவ கதவ இழுத்தா பேந்துரும்.”

“கெட்டிக்காரன்தான்! அஞ்சு வயசுப் புள்ள இழுக்காம இருக்குமா?”



“இழுக்காதுண்ணே. மாட்டிட்டு ஒரு தடவ மூடிப் பார்த்தேன். புள்ள உள்ளதான் இருந்துச்சு, சத்தமே இல்ல. திறந்தா, மூலையில சுவரப் பார்த்து உக்காந்திருக்கு.”