தவமணி வாயைத் திறக்கவில்லை

— கத்தாதையும். உள்ளுக்குப் பிள்ளையள் சாப்பிடுகினம். நீர் ஆர்? தலையில என்ன கட்டு?

— நான் தவமணியோட அப்பன் சார். ஐயாவு. இவ என் சம்சாரம் செல்லாயி. ஜெலாப்பாங்லேருந்து வாரோம். நீங்கதான இந்த லீவு முகாம நடத்துற கதிரவேலு வாத்தியாரு? எம்மவள வெளிய அனுப்புங்க.

— ஓம், நான்தான். முகாம் முடிய அஞ்சு மணியாகும். பிறகு வந்து கூட்டிக்கொண்டு போம்.

— அஞ்சு மணியெல்லாம் ஆவாது லா. கூட வேல செய்யிற சின்னையாவோட லோரி வெளிய நிக்குது. இப்பவே ஏத்திக்கிட்டு நேரா சுங்கை சிப்புட் போறேன். அங்க தோட்டத்துல எங்கக்கா இருக்கு. அது கையில புடிச்சிக் குடுத்துருவேன். புல்லு வெட்டட்டும், மருந்தடிக்கட்டும்.

— பதினாலு வயசுப் பிள்ளை மருந்தடிக்கிறதோ? லீவு முடிஞ்சா பள்ளிக்கூடம் இருக்கே.

— பள்ளியும் போதும், முகாமும் போதும். மூணு வெள்ளி கட்டுனா லீவு முழுக்க பகல் சோறு போட்டு பாடமும் சொல்லித் தர்றாங்கன்னு, இந்தப் பொம்பள எனக்குத் தெரியாம சேத்து விட்டுட்டா. நீங்க என்னா சார் சொல்லிக் குடுத்தீங்க? பெத்த அப்பன் மண்டைய ஒடைக்க சொல்லிக் குடுத்துருக்கீங்க!

— ஆர் உடைச்சது? தவமணியோ? என்ன கதைக்கிறீர்?

— அவதான். அம்மிக் குழவியால.

— கேளும், முதல்ல இந்த வாங்குப் பலகையில இரும். அம்மா, நீங்களும் இருங்கோ. என்ன நடந்தது எண்டு ஆறுதலாச் சொல்லும்.

— சொல்றேன். வெள்ளிக்கெழம சாயங்காலம், நல்ல மழ. மரமில்லு வேல முடிஞ்சி ஒடம்பு வலிக்கு கொஞ்சம் சம்சு சாராயம் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வாரேன். இவ அப்பத்தான் முகாம் வெவகாரத்த எடுக்குறா. சேத்து விட்டு ஒரு வாரம் ஆச்சுங்குறா. என்னைய கேக்காம என்னாடி முகாம்னு ரெண்டு வுட்டேன். புருசன்னா வுடமாட்டானா?

— ரெண்டோ? உம்மட மனுசியின்ட வாயைப் பாரும். இன்னும் வீங்கிக் கிடக்கு. முன் பல்லையும் காணேல்லை.

— அது ஏற்கெனவே ஆடிக்கிட்டு இருந்த பல்லு சார். நீயே சொல்லுடி.

— ஆமாங்க. ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு.

— கேட்டீங்களா? விழுந்தா. வயித்துல ஒரு ஒத வுட்டேன். குசினிப் பக்கம் தவந்து போயிட்டா. அதோட முடிஞ்சிருச்சு சார் வெவகாரம். நான் திரும்ப கடைக்குப் போலாம்னு குனிஞ்சி சிலிப்பர தேடுறேன், பட்டுன்னு கரண்டு போயிருச்சு. ஒரே இருட்டு. அடுத்து பின்மண்டையில இடி எறங்குன மாதிரி ஒரு அடி! கரண்டு வந்து கண்ணத் தொறந்தா நான் தரையில கெடக்குறேன். சட்டையெல்லாம் ரத்தம். தலமாட்டுல தவமணி நிக்கிறா, கையில குழவி. யாருடி அடிச்சதுங்குறேன். நான்தாங்குறா. கண்ணக்கூட சிமிட்டல சார்!

— பிறகு?

— பொறவு என்னா? எந்திரிச்சு நிக்க முடிஞ்சதும் ரொத்தான் பெரம்ப எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். இன்னிக்கு காலையிலயும் எடுத்தேன். எதுக்குடி அடிச்ச, எவன்டி சொல்லிக் குடுத்தான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். ஒரு வார்த்த வரணுமே! நான் மொகம் கழுவப் போன நேரம் பாத்து இங்க ஓடி வந்துட்டா.

— அதுதான் இண்டைக்கு வாங்கில இருக்கேலாமல் சுவரோட நிண்டு சாப்பிட்டவள். கேட்டதுக்கு சைக்கிளால விழுந்தனான் எண்டாள். நானும் நம்பிப்போட்டன்.

— நீங்க நடிக்காதீங்க. இங்க அந்த கொரியாக்காரன் சண்ட பழக்குறீங்கள்ல? காலத் தூக்கி ஒதைக்கிறது, பலகைய ஒடைக்கிறது. வாசல்லயே படம் ஒட்டியிருக்கு.

— அது பெடியளுக்கு. பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தையலும் முதலுதவியும்தான். தவமணி இஞ்ச வந்த நாளில இருந்து ஒருத்தரையும் கை நீட்டினதில்லை. சின்னன்களுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். கேளும், ஐயாவு, இந்தத் தலைக்கட்டு ஆர் போட்டது? ஆசுபத்திரியிலயோ?

— ஆஸ்பத்திரிக்கி போனா மாத்தா வந்து கேப்பான், போலீசு கேசாயிரும். அவதான் கட்டுனா. பழைய சாரோங்க கிழிச்சி.

— ஆர், தவமணியோ? உம்மட மண்டையை உடைச்சவளே கட்டும் போட்டவளோ? இறுக்கிப் பிடிச்சு, காதுக்கு மேல முடிச்சு. நான் போன கிழமை சொல்லிக் குடுத்த கட்டு இது. கொஞ்சம் யோசியும்.

— யோசிக்க மண்ட இருந்தாதான சார்? அதான் ஒடைச்சிட்டாளே! இந்தா வர்றா பாரு. டீ! தட்டக் கீழ வையி. வாடி இங்க!

— தவமணி, நீ உள்ளுக்குப் போ!

— என்னாங்க, வேணாங்க. எல்லாப் புள்ளைங்களும் பாக்குது. வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்.

— நீ ஒதுங்கு. இவளுக்கெல்லாம் மயித்தப் புடிச்சாதான் காலு நடக்கும். வாடி!

— மயிரை விடும்! பிள்ளையின்ட கழுத்து முறியப்போகுது. விடும் எண்டுறன்!

— ஏ சிலோன்காரரே, எம்மவளுக்கும் எனக்கும் நடுவுல கைய வுட நீ யாரு? தோட்டத்துலயும் ஒங்க ஆளுங்கதான் கணக்கெழுதுற கிராணி. எங்கப்பன பேரச் சொல்லிக்கூட கூப்புட்டதில்ல. ஏய், ஏய்னுதான். இங்கயும் வந்து தொர மாதிரி பேசுறியா? இந்தா, வாங்கிக்க!

— ஐயோ சார்! கண்ணாடி நொறுங்கிப் போச்சே! கண்ணத் தொறக்காதீங்க சார், மூக்குலேருந்து ரத்தம் கொட்டுது!

— என்னை விடுங்கோ அம்மா. பிள்ளையைப் பிடியுங்கோ. ஆராவது ஓடிப்போய்ப் பொலிசைக் கூப்பிடுங்கோ!

— கூப்புடு! அவன் வர்றதுக்குள்ள இவ தோலு என் கையில இருக்கும். பெல்ட்டு எதுக்கு கட்டியிருக்கேன்? சொல்லுடி, எதுக்குடி அடிச்ச? இந்தா! சொல்ல மாட்ட? இந்தா!

— இரும்புப் பக்கத்தால அடிக்கிறான், பாவி! ஐயாவு, பிள்ளையின்ட முதுகு கிழிஞ்சு போச்சு, சட்டையைப் பாரும்!

— கிழியட்டும். அழுவுடி! அழுதாலாவது வுட்டுருவேன். பாத்தீங்களா, கல்லு மாதிரி நிக்கிறா. எங்க ஆயி ராக்காயி திமிரு அப்படியே எறங்கியிருக்கு. இந்தா!

— அம்மா! நீங்கள் பெத்த பிள்ளை! கண்ணுக்கு முன்னால கொல்லுறான், பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள். ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ?

— அவ என்னா சொல்லப்போறா? வாயத் தொறந்தா மிச்ச பல்லும் போயிரும்னு அவளுக்கே தெரியும்.

— என்னாங்க. நிறுத்துங்க.

— தள்ளு.

— நிறுத்துங்கன்னு சொல்றேன்ல. புள்ளைய வுடுங்க.

— என்னாடி இது, கையப் புடிக்கிற? ஒனக்கும் இந்த வாத்தியாருதான் சொல்லிக் குடுத்தாரா?

— எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கரண்டு போனப்ப கொழவி என் கையிலதான் இருந்துச்சு. ஒரே அடியில நீ விழுந்துட்ட. செத்தியா இல்லியான்னு தெரியல, செத்துரட்டும்னு மறுபடி ஓங்குனேன். இவதான் பாஞ்சி வந்து என் கையப் புடிச்சித் தொங்கி, அப்பா வேணாம்மா, அப்பா வேணாம்மான்னு கொழவியப் புடுங்குனா. இல்லன்னா இன்னிக்கு இந்தப் பெல்ட்ட தூக்க நீ இருந்திருக்க மாட்ட, ஐயாவு.