ஒருத்தரும் தப்பாத ஜெயில்

பொறுப்பாளர்: ...சார்! வார்டர் சார்! எழுந்திருங்க, அவர் வந்துட்டாரு.

வார்டர்: யாரு தூங்கினா? கண்ணை மூடி யோசிச்சுட்டிருந்தேன்.

பேக்கரிக்காரர்: உங்க யோசனை வாசல் வரைக்கும் கேட்டுச்சுங்க ஐயா.

வார்டர்: அடடே, ரொட்டி! எப்படா வந்த? ச்சே... நன்கொடை தர்ற முதலாளியை 'டா' போடக் கூடாதோ?

பேக்கரிக்காரர்: போடுங்க. அப்பதான் ஜெயிலுக்கு வந்த மாதிரியே இருக்கு.

பொறுப்பாளர்: சார், இந்தப் பழைய ஜெயிலை இடிச்சுட்டு வண்டி நிறுத்துற இடமாக்கப் போறாங்க. நாங்க இங்க அமைக்கிற சிறைக் காட்சியகத்துக்கு இந்த மாசத்துக்குள்ள பணம் சேர்ந்தாத்தான் இடிக்காம விடுவாங்களாம். நானும் ஏறாத படி இல்லை. "ஆஸ்பத்திரின்னா சரி, ஜெயிலுக்கு யாரும்மா தருவா"ன்னு...

வார்டர்: கதவைச் சாத்திட்டாங்க. நானும்தான் கூடப் போனேன். ஒருத்தன் நாயை அவுத்து விட்டான்!

பேக்கரிக்காரர்: கைதியா இருந்தப்ப நான் ரொட்டி போடக் கத்துக்கிட்டதே இந்தச் சமையல்கட்டுலதான் மேடம். செக் பையில இருக்கு, கையெழுத்து மட்டும் பாக்கி. சுவத்துல மாட்டின பலகையெல்லாம் ஒரு தடவை பார்த்துடறேன்... ம்... இது யார் எழுதினது? 'இந்தச் சிறையிலிருந்து ஒருவர்கூடத் தப்பியதில்லை.'

வார்டர்: நான் சொன்னது. மேடம் எழுதினாங்க. எப்படி, கம்பீரமா இல்ல?

பேக்கரிக்காரர்: இதை எடுத்தாத்தான் கையெழுத்து.

பொறுப்பாளர்: ஐயையோ!

வார்டர்: எடுக்க முடியாது. வேலைக்கு வந்த நாள்லேர்ந்து நான் கட்டிக் காப்பாத்தின பேரு அந்த ஒரு வரிதான்.

பேக்கரிக்காரர்: அது பொய்ங்க ஐயா. நான் தப்பிச்சேன்.

பொறுப்பாளர்: என்னது?

வார்டர்: வெயில்ல நடந்து வந்தியா? மேடம், இவனுக்குக் கொஞ்சம் தண்ணி...

பேக்கரிக்காரர்: பொண்ணு பொறந்த அன்னிக்கு. பரோல் கேட்டிருந்தேன், மேலேர்ந்து பதிலே வரலை. மனசு கேக்கலை மேடம். மாவு மூட்டையை என் கம்பளிக்குள்ள படுக்க வச்சுட்டு, சமையல்கட்டுக் கூரை மேல ஏறி, சுவர் தாண்டிக் குதிச்சேன்.

பொறுப்பாளர்: அப்புறம்?

பேக்கரிக்காரர்: ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்பாவை மடியில வச்சுக்கிட்டேன். விடியறதுக்குள்ள திரும்பி வந்து அடுப்பைப் பத்த வச்சேன்.

பொறுப்பாளர்: திரும்பி வந்தீங்களா! யாராவது இப்படி...

வார்டர்: அப்புறம் என்ன? எண்ணிக்கை குறையலை. அதனால ஒருத்தனும் தப்பலை. பலகை சரியாத்தான் இருக்கு.

பேக்கரிக்காரர்: எம் பொண்ணுகிட்ட இப்பத்தான் இதைச் சொன்னேன். அவ நம்பலைங்க ஐயா. "காட்சியக அழைப்பிதழ்லேயே யாரும் தப்பலைன்னு போட்டிருக்கு, சும்மா கதை விடாதீங்கப்பா"ங்கறா. அவ பிறந்தப்ப அப்பன் பக்கத்துல இல்லைன்னு இத்தனை வருஷமா அவளுக்கு மனத்தாங்கல். திறப்பு விழாவுக்குத் தன் குழந்தையைத் தூக்கிட்டு வரப் போறா. அப்பன் வந்தான்னு இந்தச் சுவத்துல அவ படிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

பொறுப்பாளர்: வார்டர் சார்... நீங்க ஓய்வு பெற்று எவ்வளவு காலமாச்சு, இனிமே யாரு உங்களைக் கேக்கப் போறா? அந்த மூட்டை மாதிரியே ஒண்ணு செஞ்சு கட்டில்ல வைப்போம். கூட்டம் அள்ளும்!

வார்டர்: மூட்டையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. அந்த மூட்டையைப் பார்த்துப் பச்சைக் குழந்தைகூட ஏமாறாது.

பேக்கரிக்காரர்: நானே என் கையால கட்டினதுங்க! பக்கத்துக் கட்டில்காரனே ஏமாந்துட்டான். "என்னய்யா இப்படிக் குறட்டை விட்ட, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை"ன்னு காலையில சண்டைக்கு வந்தான்.

பொறுப்பாளர்: மூட்டை... குறட்டை விட்டுச்சா?

பேக்கரிக்காரர்: தூக்கக் கலக்கத்துல அவன் வேற யாரோடதையோ...

பொறுப்பாளர்: இருங்க. வார்டர் சார், எதுக்குக் கூரையைப் பார்க்கறீங்க?

வார்டர்: ஒழுகுமோன்னு பார்க்கறேன்.

பொறுப்பாளர்: மழையே இல்லையே!

பேக்கரிக்காரர்: ஐயா... மூட்டையைப் பார்த்தா குழந்தைகூட ஏமாறாதுன்னு சொன்னீங்களே... நீங்க எப்பப் பார்த்தீங்க?

வார்டர்: அன்னிக்கு ராத்திரிதான். வேற எப்ப?

பேக்கரிக்காரர்: நான் அப்படியே ஓடிப் போயிருந்தா உங்க வேலை போயிருக்குமே!

வார்டர்: ஓடிப் போறவன் மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடி வச்சுட்டாடா போவான்? அதைப் பார்த்ததுமே நீ வந்துடுவேன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி தலை எண்ண வந்தது புது அதிகாரி. கம்பளியைத் தட்டிப் பார்க்கிற ஆளு. வேற என்ன செய்யச் சொல்ற? மூட்டையைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு நானே ஏறிப் படுத்தேன்... படுத்தவன் அசந்துட்டேன். சரி சரி, அழாம கையெழுத்தைப் போடு. மேடம், பலகையை மாத்திக்குங்க. குறட்டையை மட்டும் எழுதிடாதீங்க, வீட்டுல இன்னும் நான் குறட்டை விடறதில்லைன்னுதான் சாதிச்சுட்டிருக்கேன்.