ஆறு சேர்ற வரைக்கும்

இல்ல மேடம், ஒண்ணு மட்டும் தரமாட்டேன். கோச்சுக்காதீங்க. வரி ஆபீஸ்லேருந்து வந்தவங்களுக்கே டோனட் இல்லங்கறானேன்னு பாக்கறீங்க. இந்தக் கடையில யாருக்குமே ஒத்தையா கிடையாது. ஆறுதான். அக்டோபர்லேருந்து கல்லா மெஷின்ல ஆறு ஆறாவே பதிஞ்சிருக்கு, ஒண்ணு ரெண்டு வித்ததையே காணோமேன்னுதானே இந்தப் பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்க? சொல்றேன். மொதல்ல காபி ஊத்திக்கங்க. காசா? காபிக்குக் காசு வாங்கறதில்ல. காபி வித்தா வரி. சும்மா குடுத்தா இல்லல்ல? பாத்தீங்களா, எவ்ளோ சட்டம் படிச்சிருக்கேன்.

நானா? வாசலப் பாக்கலியே. பனி நின்னுச்சான்னு பாத்தேன்.

உங்க சட்டத்துல என்ன போட்டிருக்கு? அஞ்சு டோனட் வாங்கினா பலகாரம், வரி கட்டு. ஆறு வாங்கினா மளிகைச் சாமான், வரி வேணாம். அஞ்சு தின்னறவன் பணக்காரன், ஆறு தின்னறவன் பரம ஏழை. இத யோசிச்சு எழுதின ஆளு அன்னிக்கு எத்தன தின்னுட்டு உக்காந்தாரோ. ரொட்டி வாங்கினா வரி இல்ல, அதே ரொட்டிக்குள்ள ஒரு துண்டு கறிய வச்சா வரி. டோனட் ஆறே வாங்கினாலும் இங்கயே உக்காந்து தின்னா வேற கணக்கு. அதனால தின்னறதுக்கு எல்லாரையும் வெளிய தொரத்திடுவேன். கனடாவுலயே மோசமான வடக்கு ஒன்டாரியோக் குளிரு. நம்ம நார்ம், அதோ பெஞ்சுல இருக்கானே, ரோட்டுல பனி தள்ற வண்டி ஓட்டறவன், அவன் மீசையில சக்கரப் பாகு உறைஞ்சு போய் வீட்டுக்குப் போய் வென்னி வச்சுக் கழுவினான். சிரிக்காத நார்ம், மேடம் எழுதிக்கறாங்க.

என்னது? தனித்தனி ஆளுன்னா தனித்தனி விற்பனையா? அதெப்படி? காசு எனக்கு ஒருத்தர் கையிலேருந்துதான் வருது. இப்ப நார்முக்கு ரெண்டு. பக்கத்துல ஜிஸேல், ஸ்கூல் பஸ் ஓட்டற அம்மா, அதுக்கு ரெண்டு. இன்னும் ரெண்டுக்கு ஆளு வரணும். வந்ததும் ஒருத்தர் ஆறா வாங்குவாரு. அப்புறம் பெஞ்சுல உக்காந்து பிரிச்சுக்கறது அவங்க பாடு. வேலித் தகராறுல இவங்க ரெண்டு பேருக்கும் நாலு வருஷமா பேச்சில்ல, தெரியுமா? ஆறு சேரணும்னு உக்காந்து உக்காந்து, இப்ப அந்தம்மா வீட்டு வாசல்லயும் சேத்துப் பனி தள்ளிட்டுப் போறான்.

அபராதம்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். அபராதம் போட்டா நாளைக்கே பூட்டிடுவேன். அந்த அளவுக்குத்தான் ஓடுது.

ஒண்ணு வித்துக் காட்டணுமா? வரி போடற பொத்தான அமுக்கியா? நான் எட்டாங்கிளாஸோட சுரங்கத்துக்குள்ள எறங்கினவன். எனக்கு மாவு தெரியும், எண்ணெ தெரியும். அந்த மெஷின் ஐலாவோடது. ஆமா, என் சம்சாரம். மூணு மாசத்துக்கு ஒருக்கா சமையல் மேசை முழுக்க ரசீதப் பரப்பி வச்சுப்பா. சுட வச்சுக் குடுத்தியா, ஆறவிட்டுக் குடுத்தியா, உள்ள தின்னானா, வெளிய தின்னானா, அஞ்சா ஆறான்னு கேப்பா. நான் என்னத்தக் கண்டேன்? ஆடிட்டரக் கேட்டா, எங்க லாபத்த விட அவரு கூலி பெருசு. கடையே வேணாம், மூடிடுன்னா ஐலா. நான் வழக்கம் போல ஏதோ கிண்டல் பண்ணினேன். நான் உன்னக் கட்டிக்கிட்டேனா கவர்மெண்டக் கட்டிக்கிட்டேனான்னு கேட்டுட்டு, ஏப்ரனக் கழட்டி மெஷின் மேல போட்டுட்டுப் போயிட்டா. அது அக்டோபர்ல. எதுத்தாப்புல ஆணிக் கடை இருக்குல்ல, அதுக்கு மேல் மாடியிலதான் இருக்கா. மஞ்சத் திரை போட்ட ஜன்னல்.

மறுநாளு நார்ம் வந்து ரெண்டு கேட்டான். ஆறுக்கு உள்ள பொத்தானத் தவிர எத அமுக்கினாலும் மெஷின் கீச்சுன்னு கத்துது. உக்காருடா, ஆறு சேரட்டும்னேன். அப்படி ஆரம்பிச்சது.

இல்லல்ல, இப்பத் தெரியும். ஜிஸேல் அடுத்த வாரமே கண்டுபிடிச்சுக் காட்டிடுச்சு. மூலையில பச்சையா இருக்குல்ல, அதான்.

பின்ன ஏன் அமுக்கலன்னா... அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஐலா வந்தா மேடம். யாரோ மாதிரி வரிசையில நின்னு, பட்டைத் தூள் தூவின டோனட் ஒண்ணுன்னா. பொத்தான அமுக்கினா ரெண்டு நிமிஷத்துல வாங்கிட்டுப் போயிடுவா. ஒத்தையா கிடையாது, ஆறு சேரணும்னேன். ஒரு பார்வ பாத்தா. அப்புறம் போயி பெஞ்சுல உக்காந்தா. முக்கா மணி நேரம். காபி குடிச்சா. மாவு புளிச்சிருக்குன்னு திட்டினா. அதுலேருந்து வெள்ளிக்கெழம தவறாம வர்றா. சீக்கிரமா ஆறு சேந்துடுமோன்னு தோணிச்சுன்னா நார்முக்குக் கண்ணக் காட்டுவேன், எனக்கு இப்ப வேணாம்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கிட்டு ஊர ஒரு சுத்து சுத்திட்டு வருவான்.

அவளுக்கு அந்தப் பொத்தான் தெரியாதாவா? அந்த மெஷின வாங்கினதே அவதான். கை நீட்டி அவளே அமுக்கலாம். இல்ல, ஆறா வாங்கிட்டுப் போயிடலாம். ஏன் செய்யலன்னு நானும்தான் யோசிக்கறேன்.

ஆமா, இன்னிக்கு வெள்ளிதான்.

அதோ, செவப்புத் தொப்பி, ரோட்டத் தாண்டறா பாருங்க. மேடம், எத வேணாலும் எழுதிக்கங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். கொஞ்சம் தள்ளி உக்காந்து எடம் விடுங்க. டோனட் மட்டும் கேட்டுடாதீங்க. நார்முக்கு ரெண்டு, ஜிஸேலுக்கு ரெண்டு, அவளுக்கு ஒண்ணு. நீங்க வாயத் தொறந்தா ஆறு ஆயிடும்.