ஆளில்லாத ஊரில் ஊதிய கொம்பு

செக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யோவேல், அந்தத் திரியைத் தூண்டாதே. இருக்கிற வெளிச்சம் போதும்.

இது எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி அசரியாவின் தாய்மாமா பெரகியாவுக்கு நடந்தது. சட்டம் என்றால் சட்டம் என்று நிற்கிற மனிதர். ஓய்வுநாள் கொம்பு காதில் விழுந்தால், ஓங்கிய மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு நிற்பார். நம்மைப் போல ‘இதோ, இந்த ஒரு கூடை’ என்று இழுக்கிற ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். செப்போரிப் பட்டணத்திலிருந்து மலைக்கு ஏறுகிற பாதை. வானம் முழுக்க மேகம். ஈ காக்கை கிடையாது. அம்மா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று செய்தி வந்திருந்தது. ஒரே பிள்ளை. உயிர் போனதும் இமையை மூடிவிட வேண்டியது அவர் கைதான். சூரியன் இறங்கி ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அதுவும் கூடாது, உங்களுக்கே தெரியும். அதனால் ஓட்டமும் நடையுமாகப் போகிறார். இன்னும் இரண்டு மேடு ஏறி இறங்கினால் வீடு.

அப்போதுதான் கொம்பு ஊதியது.

ஓய்வுநாள் தொடங்கிவிட்டது என்று சொல்கிற கடைசி ஊதல். நீளமாக... மூச்சு முட்டுகிறவன் ஊதியது போல... பாதியில் அறுந்து நின்றது. இடப்பக்கம் பேத்-ஆரா. ரோமப் படை கொளுத்திவிட்டுப் போன ஊர். சனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். வீடு இருக்கும் தூரம் ஓய்வுநாளில் நடக்கக்கூடிய தூரம் இல்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா முகம் கண்ணுக்குள் வந்தது. அழுதார்.

அழுது முடித்து நிமிர்ந்தால்... மேகம் விலகியிருக்கிறது. மலைக்கு ஒரு முழம் மேலே சூரியன்.

“அட, எழுந்து ஓட வேண்டியதுதானே?” என்கிறாயா யோவேல்? நீ ஓடுவாய். அவருக்குக் குழப்பம். கொம்பு தப்பா, கண் தப்பா? ஊதியவனையே கேட்போம் என்று ஊருக்குள் போனார்.

தெருவில் புல். நாய்கூட இல்லை. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு. வாசலில் ஒரு பெண்.

“தனியாவா வந்தே? உள்ள வாப்பா. எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்து எத்தனை நாளாச்சு!”

உள்ளே ரொட்டி இருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். ஒருவரும் ரொட்டியைத் தொடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆசையாக. அந்தப் பெண்ணின் கைகள் முழங்கைவரை சாம்பல். அடுப்பு வேலை என்று நினைத்துக்கொண்டார். பாவம், வேறு என்ன நினைப்பார்?

வாசலில் நிழல் தட்டியது. திரும்பிப் பார்த்தார்.

அவருடைய அம்மா.

தலையில் முக்காடு இல்லை. வெறுங்கால். கண் இரண்டும் திறந்தபடி... இமைக்கவே இல்லை.

“பெரகியா... கண்ணு எரியுதுடா. மூடி விடு.”

பெரகியா பின்னால் நகர்ந்தார். “கொம்பு ஊதிட்டாங்கம்மா. ஓய்வுநாள்.”

“எந்தக் கொம்பு? இந்த ஊர்ல ஊத யாருப்பா இருக்கா? வெயில் இன்னும் இருக்கு பாரு. சீக்கிரம் வாடா.”

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். வாய்தான் சட்டம் பேசியது. உள்ளே வெறும் பயம். பெற்றவளைத் தொடப் பயம். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு தூரம் வெறுங்காலோடு வந்திருக்கிறாள்.

வாசலில் வெயில் மங்கியது. அந்தப் பெண்தான் எழுந்தாள்.

“விடுங்கக்கா. அவன் பயந்துட்டான். எங்களுக்கும் மூடி விட ஆளில்லாமத்தான் போச்சு. வாங்க, நான் செய்யறேன்.”

அம்மா மகனை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு அவளோடு நடந்தாள். விளக்கு அணைந்தது. கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே பெரகியா மட்டும் உட்கார்ந்திருந்தார். அந்த இரவும் மறுநாள் பகலும் அங்கேயேதான். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை.

மறுநாள் நட்சத்திரம் முளைத்து ஓய்வுநாள் முடிந்த பிறகு வீடு போய்ச் சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கதவுப் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார்.

“நேத்து வெயில் இருக்கும்போதே போயிட்டா. கண்ணு வாசலையே பாத்துக்கிட்டிருந்துச்சு. மகன் கையாலதான் மூடணும்னு சொல்லியிருந்தா. இதோ வந்துடுவே, இதோ வந்துடுவேன்னு பாத்தோம். அப்புறம் நம்ம ஊர்ல கொம்பு ஊதிட்டாங்க. போர்வைய மட்டும் போத்திட்டு வந்தோம். யாரும் தொடலைப்பா.”

பெரகியா போர்வையை விலக்கினார்.

கண்கள் மூடியிருந்தன. இரண்டு இமைகளிலும் சாம்பல், சின்னச் சின்ன விரல் தடமாக.

துடைக்கலாம் என்று கை வைத்தார். அம்மாவின் நெற்றி கல்லாகக் குளிர்ந்திருந்தது. சாம்பல் மட்டும் இன்னும் சூடாக இருந்தது.