பதினோரு மணி சைரன்

— உட்காரு பாண்டித்துரை. ரூமுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்தா எனக்குத் தலை கிறுகிறுங்குது.

— எப்டி உட்கார்றது மச்சான்? காலையில ஆபீசுக்குக் கூப்புட்டுப் போன நிரனை இன்னும் விடல. பாட்டை எடுத்தது என் போன்ல. அந்தத் தாய்லாந்துக்காரன் என்ன பாவம் பண்ணான்?

— மெதுவாப் பேசு, பக்கத்து ரூம்ல ஆளு இருக்கு. கேட்டுக்குள்ள போன் கொண்டு போனா வேலை போயிரும்னு வந்த அன்னைக்கே சொன்னேனா இல்லையா? கேஸ் பிளான்ட்டுய்யா இது, டீக்கடையா?

— எல்லாம் பாட்டுக்காகத்தான். கொரியா எஞ்சினியர் மின்ஜூன் வெட்டி வெட்டி ராப் அடிப்பான். நிரன் அவுக ஊரு திருவிழாப் பாட்டு கணக்கா இழுப்பான். ஸ்பேனரை எடுத்து சாரக் குழாயில நான் ஒரு தட்டு தட்டுனேன் பாரு, மூணும் ஒண்ணாச் சேந்துக்கிருச்சு. அந்நேரம் பாத்து டெஸ்ட் சைரன் அடிச்சுச்சா, அதுவும் பாட்டோட பொருந்திப் போச்சு!

— பொருந்துச்சு! புதன்கிழமை பதினோரு மணிக்கு அந்தச் சைரன் நம்ம பிளான்ட்டுக்குள்ளதான் அடிக்கும்னு எங்க சேஃப்டி ஆபீசுல டீ குடுக்கிறவனுக்குக்கூடத் தெரியும். அதை உன்கிட்ட வாங்கி அப்படியே நெட்டுல ஏத்திட்டான் உன் கொரியாக்காரன். நாப்பதாயிரம் பேரு பாத்தாச்சு, எங்க மேனேஜரையும் சேத்து.

— மின்ஜூன் என்ன சொன்னான்?

— யாரு போன்னு கேட்டதுக்கு வாயே தொறக்கல. எஞ்சினியராச்சே, வார்னிங் லெட்டரோட விட்டுட்டாங்க.

— நிரன்?

— போன் தன்னதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டான். நாளைக்கு ஊருக்கு ஃப்ளைட்டு. கலாஸ், வேலை முடிஞ்சுபோச்சு.

— அவனா? எனக்காகவா?

— உனக்காகத்தான்னு வச்சுக்க. மாப்ள, உன்னை இந்தக் கத்தாருக்கு, ராஸ் லஃபானுக்குக் கூட்டிட்டு வந்தவன் நான். ஊர்ல என் தங்கச்சிக்கு ஏழாம் மாசம். பேசாம இரு.

— அவனுக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கு மச்சான். ஒருத்தன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு நான் எந்தக் கையால என் புள்ளையத் தூக்குறது?

— ஏய், செருப்பை மாட்டிக்கிட்டு எங்க கெளம்புற?

— ஆபீசுக்கு. போன் என்னதுன்டு சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி நிரன் கையப் புடிச்சு, பெத்த தாய்கூட இப்டிச் செய்ய மாட்டாண்டு ஒரு வார்த்தை சொல்லணும்.

— அதை மட்டும் சொல்லாத.

— ஏன்?

— அவனுக்கு விசயமே தெரியாது. அவனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, பேப்பரை எழுதினது நான். பாட்டு நல்லாருக்குன்னு கம்பெனி குடுக்கிற லெட்டர்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டான்.