வெண்டலைப் பற்றி நாலு வார்த்தை

— என்னது, பள்ளிக்கூடத்து பஸ்ஸை மாட்டு மேல ஏத்திட்டானா?

— ஒரு மாடு இல்லடா ரூடி, ஒரு மந்தை. சத்தியமா சொல்றேன். அதுல ஒரு காளை ஜன்னல் வழியா ஏறி, பசங்களோட உக்காந்து ஆட்டம் பாக்க வந்துச்சு. திரும்பி வரும்போதும் அதே சீட்டு. அதுக்கு ஒரு ஹெல்மெட்கூட மாட்டி விட்டாங்க.

— கோச், நான் விளையாட்டுக்குக் கேக்கல. திங்கட்கிழமை ஃபுட்பால் பயிற்சி ஆரம்பம். தடுப்பாட்டத்துக்கு எங்கிட்ட துணைக் கோச் இல்ல. உங்ககிட்ட இருக்கற வெண்டலைக் கூப்பிட்டிருக்கேன். சாயந்திரத்துக்குள்ள பதில் சொல்றேன்னான். அவனுக்கு மேல இருக்கறவர் நீங்க, உங்ககிட்ட நாலு வார்த்தை விசாரிச்சாத்தான் எடுக்க முடியும்னு எங்க பள்ளிக்கூட சூப்பரின்டெண்ட் சொல்லிட்டாரு.

— விசாரிச்சாச்சுல்ல? மாடு. முடிஞ்சுது. போனை வை.

— கோச்!

— சரி, உன் பழைய ஆளு எங்க போனான்?

— மாமனாரோட தீவனக் கடைக்கு. ஆகஸ்டு மாசத்துல விட்டுட்டுப் போறான் பாருங்க! இந்த நேரத்துல டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் சும்மா இருக்கற கோச் எவன் கிடைப்பான்?

— கிடைப்பான். ஏன் சும்மா இருக்கான்னு ஜட்ஜ்கிட்ட கேட்டாத் தெரியும்.

— சிரிங்க, நல்லா சிரிங்க. போன வருஷம் நாங்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. கடைசி வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிஞ்சு, மறுநாள் காலையில கதவைத் திறந்தா வீட்டு முன்னாடி புல்லுல, ஊரைக் காலி பண்ணுன்னு சொல்ற மாதிரி, ‘விற்பனைக்கு’ன்னு ஊர்க்காரங்க பலகை நட்டு வச்சிருக்காங்க. வீட்டுல கிரேசியேலா நான்தான் வச்சேன்னு நெனச்சுட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வீட்டை விக்கறீங்களான்னு ஒரு வாரம் சோறு போடல.

— ஒரு பலகைக்கே இப்படியா? எனக்கு ஒரு வருஷம் வீடே தெரியாம நட்டாங்க. என் வீட்டுக்காரி வெர்னா அதையே வேலியா வச்சு உள்ள கோழி வளர்த்தா. சத்தியமா சொல்றேன், அந்த வருஷம் முட்டைக்குப் பஞ்சமே இல்ல.

— இந்த வருஷமும் தோத்தேன்னா பலகை வராது கோச், சாமான் ஏத்த லாரி வரும். பொண்ணுக்கு இது மூணாவது பள்ளிக்கூடம். இப்பத்தான் பக்கத்துல உக்காந்து சாப்பிட ரெண்டு சிநேகிதிங்க கிடைச்சிருக்காங்க. இன்னொரு ஊருன்னு அவகிட்ட எப்படிப் போய்ச் சொல்வேன்? எனக்கு வெண்டல் வேணும்.

— அவன் உனக்கு ஆக மாட்டான்டா. நம்ம துணைக் கோச்சுன்னா பாடமும் எடுக்கணும்ல? இவன் பூகோளம் எடுத்து நியூ மெக்சிகோவைத் தூக்கிக் கடல்ல போட்டான். எங்க பசங்க இன்னும் அங்க போறதுன்னா லைஃப் ஜாக்கெட் கேக்கறாங்க.

— அதை நான் பாத்துக்கறேன்.

— சாப்பாடு? ஊர் விருந்துல மாட்டு நெஞ்சுக்கறி மொத்தத்தையும் தனியாளா முடிச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டே, கறியை இன்னும் கொஞ்ச நேரம் புகையில வச்சிருக்கலாம்னான். பொழுது விடிய விடியக் கண்ணு முழிச்சு அதைச் சுட்டவரு அவமானத்துல, தான் போற சர்ச்சையே மாத்திக்கிட்டாரு.

— இருங்க இருங்க.

— விசில் ஊதுவான் பாரு, ஊர்ல ஒரு நாய் வீட்டுல தங்கறதில்ல...

— இருங்க கோச்! இவ்வளவு திட்டறீங்கன்னா வெண்டல் தங்கம்னு அர்த்தம்.

— அதெப்படி?

— அஞ்சு வருஷம் உங்களுக்குத் துணைக் கோச்சா உங்க ரூம்ல உக்காந்து நீங்க போன் பேசினதைக் கேட்டிருக்கேனே! லானி ஞாபகம் இருக்கா? பசங்க பேரு தெரியாம சட்டை நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவானே, அவன். அவனைப் பத்தி பக்கத்து மாவட்டத்துக்காரன் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? ‘கடவுள் ஏழாவது நாள் ஓய்வெடுத்தாரே, அன்னைக்கு வேலையைப் பாத்துக்கிட்டது லானிதான்’னீங்க. மறுநாளே வந்து கொத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

— லானி நல்ல பையன். இப்ப இன்சூரன்ஸ் விக்கறான்.

— வேண்டாதவனைப் புகழ்ந்து தள்ளி விடுவீங்க. வேணுங்கறவனைத் திட்டி ஒளிச்சு வச்சுக்குவீங்க. எனக்குத் தெரியாதா?

— அப்படியா? சரி, வெண்டல் தேவதை. எடுத்துக்கோ. அவன் நடந்தா மைதானத்துல புல்லு தானா முளைக்கும்.

— இப்ப என்னை எந்தப் பக்கம் தள்றீங்க?

— அதுல எனக்கே குழப்பமாயிடுச்சுடா.

— கோச், ஒண்ணு கேக்கவா? உங்களை விட்டு நான் கிளம்பினப்ப என்னை வேலைக்கு எடுக்கறதா இருந்த ஊர்க்காரங்க உங்களுக்குப் போன் பண்ணாங்கல்ல? என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?

— அது எதுக்கு இப்ப?

— புகழ்ந்தீங்களா?

— இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

— கோச், புகழ்ந்தீங்களா?

— திட்டினேன்டா மடையா! நாக்கு வறண்டு போற வரைக்கும் திட்டினேன். தூக்கத்துல நடப்பான், நடந்துக்கிட்டே போய் எதிர் டீமுக்கு நம்ம ஆட்டத்தையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு வருவான்னேன். வெர்னா அடுப்படியில இருந்து கரண்டியோட ஓடி வந்தா. ‘அந்தப் பையன் எத்தனை நாளைக்குத்தான் உங்க நிழல்ல நிப்பான்’னு போனைப் பிடுங்கி, உள்ள உண்மையைச் சொல்லிட்டா. இல்லன்னா நீ இன்னும் இங்கதான் எனக்கு மைதானத்துல கோடு போட்டுக்கிட்டு இருந்திருப்பே.

— வெர்னா அம்மாவா சொன்னாங்க? எனக்காகவா?

— என்னடா, அழறியா?

— இல்ல. இங்க டோபோ ஸ்பிரிங்ஸ்ல ஒரே புழுதிக் காத்து.

— போனுக்குள்ளயுமா அடிக்குது? சரி, கேளு. இது நிஜம். வெண்டல் உங்கிட்ட வரமாட்டான்.

— யோசிச்சுச் சொல்றேன்னானே?

— அவனுக்கே இன்னும் விஷயம் தெரியாது. இன்னைக்கு மத்தியானம் பள்ளிக்கூடக் குழு கூடுது. எங்க கலிச்சே பள்ளிக்கூடத்துக்கு இனிமே அவன்தான் தலைமை கோச். காலையில நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன், எல்லாரும் சரின்னுட்டாங்க. அதுக்குள்ள உனக்கு வாக்குக் குடுத்துடப் போறானேன்னுதான் பஸ்ஸை மாட்டு மேல ஏத்தினேன்.

— அவன் தலைமை கோச்னா அப்ப நீங்க? உடம்புக்கு என்ன கோச்? முழங்காலா?

— முழங்காலுக்கு என்ன? குதிரைக்குக் கடன் குடுக்கலாம். நான் ஆட்டத்தைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? ஒரு பையன் தோளைப் பிடிச்சு, இடுப்பை இறக்குடா, தலையைத் தூக்கி முட்டுடான்னு சொல்லி எத்தனை வருஷமாச்சு? அதெல்லாம் வெண்டல் செய்யறான். நான் ரூம்ல உக்காந்து, என் புள்ளைய ஏன் பெஞ்சுல வச்சீங்கன்னு கேக்கற அம்மாங்களுக்குப் பதில் சொல்றேன். துணைக் கோச்சுங்க ரெண்டு பேரு புல்லு வெட்ற வண்டியை யாரு ஓட்றதுன்னு அடிச்சுக்கிட்டா நடுவுல போய் நிக்கறேன். நேத்து அதுக்கே மத்தியானம் முழுக்கப் போச்சு. கடைசியில நான்தான் வெட்டினேன். ஒத்துக்கறேன், நேத்து அந்த நேரம் மட்டும்தான் சந்தோஷமா இருந்தேன்.

— அப்ப வெண்டலுக்குக் கீழேயே துணையா இருந்துட வேண்டியதுதானே?

— பாவம்டா அவன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால திரும்பி என் மூஞ்சியைப் பாப்பான். என் மூஞ்சி என்னைக்குச் சும்மா இருந்திருக்கு? அவன் தலைவன் ஆகணும்னா நான் அந்த மைதானத்துப் பக்கமே தெரியக் கூடாது.

— அதுவும் நியாயம்தான். உங்களுக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது. என் பாடுதான் இப்படி ஆயிடுச்சு. திங்கட்கிழமை தாக்குதல், தடுப்பு ரெண்டு பக்கமும் நானே ஓடிக்கறேன், வேற என்ன பண்றது.

— உங்க பஸ்ஸுல ஏசி இருக்கா?

— இருக்கு. எதுக்கு?

— பூகோள வகுப்பு மாடியிலயா, கீழயா?

— கீழதான். கோச், யாரையாவது மனசுல வச்சுக் கேக்கறீங்களா? இருந்தா சொல்லுங்க. எவனா இருந்தாலும் பரவால்ல, நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கறேன்.

— உங்க ஊர்ல வாடகைக்கு வீடு கிடைக்குமா? பின்பக்கம் பீச் பழ மரம் வைக்க இடம் இருக்கணும்னு வெர்னா பிடிவாதமா இருக்கா.

— வெர்னா அம்மாவுக்கு இங்க எதுக்கு வீடு? இருங்க... இருங்க கோச். நீங்க என்ன சொல்ல வர்றீங்க?

— திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வந்து நிக்கணும்னு கேக்கறேன். சொல்லுங்க, கோச்.