பன்னிரண்டாவது பேர்

— அந்தப் பேரை மட்டும் எழுதாதீங்க வக்கீல் மேடம்.

— எந்தப் பேரும்மா? இதோட பன்னெண்டு பேர் சொல்லிட்டார் உங்க வீட்டுக்காரர்.

— இப்ப சொன்னாரே, பன்னெண்டாவதா. அந்த கேஷியரம்மா.

— ஏய், கொஞ்சம் சும்மா இரு. நீங்க எழுதுங்க மேடம். இல்ல... அது வந்து, பழைய ஃபர்னிச்சர் கம்பெனியில நான் சோபா தைச்சுட்டு இருந்தப்ப அவங்க அங்க கேஷியர். நான் தனியா கடை போட்டப்ப அட்வான்ஸுக்கு ரெண்டு லட்சம் குடுத்தாங்க. ஆறு வருஷம் ஆச்சு.

— அவங்க, அவங்க! கேட்டீங்களா மேடம்? போன்லயும் அப்படித்தான் போட்டு வச்சிருக்கார். பேரு கிடையாது, ‘அவங்க’. நான் யாரு தெரியுமா அந்தப் போன்ல? ‘வீடு’.

— இங்க பாருங்கம்மா, மணி மூணே கால். நாலு மணிக்குள்ள இந்த மனு கோர்ட்டுக்குப் போகணும், சரியா? இவர் யாருக்கெல்லாம் தரணுமோ அத்தனை பேரும் இதுல வரணும். ஒருத்தரை மறைச்சதா தெரிஞ்சாக்கூட மனுவைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் அத்தனை பேரும் மறுபடி உங்க வாசல்லதான் வந்து நிப்பாங்க.

— இல்ல... அது வந்து மேடம், தவணையா கட்டி முடிக்கிற மாதிரி ஏதாவது...

— போன வாரமே பார்த்தோமே சார். மாசம் இவ்வளவுன்னு அஞ்சு வருஷம் கட்டணும்னா மாசாமாசம் ஏதாவது வரணும். கடையே பூட்டிக் கிடக்கு. உங்களுக்குத் திவால் மனுதான் வழி. தையல் மெஷினும் கத்தரியும் தொழில் சாமான், அதைத் தொட மாட்டாங்க. மத்ததெல்லாம் போகும், கடனும் அதோட போகும். சரியா?

— என் அண்ணன் பேரு அதுல இருக்கா மேடம்?

— இருக்கு, நாலாவது.

— அப்ப அவன் பணமும் அவ்வளவுதானா?

— பெரும்பாலும் அவ்வளவுதாம்மா. கடைச் சாமானை வித்து ஏதாவது வந்தா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

— போகட்டும். அவன் பேரு எங்க வேணா இருக்கட்டும். அவ பேரு என் வீட்டுக் காகிதத்துல வரக்கூடாது.

— உனக்கு அவங்க என்ன கெடுதல் பண்ணினாங்க? ஒரு தடவையாவது வந்து பணம் கேட்டிருப்பாங்களா?

— அதைத்தான் சொல்றேன்! பேங்க்காரன் கேக்குறான், திட்டுறான், அவனைப் புரிஞ்சுக்கலாம். இவ ஆறு வருஷமா வாயைத் திறக்கலையே மேடம். கேக்காம குடுத்து, குடுத்ததையும் கேக்காம இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்?

— நல்ல மனசுன்னு அர்த்தம்.

— ஆமாமா, ரொம்ப நல்ல மனசு. கடை நஷ்டத்துல ஓடுதுன்னு எனக்கு எப்பங்க தெரியும்? கடையில கரண்ட் கட் பண்ணின அன்னிக்கு. அவளுக்கு? அதுக்கு எட்டு மாசம் முன்னாடியே தெரியும். அழுகிறதுக்குக்கூட அங்க போயிருக்கார் மேடம் இந்த மனுஷன்.

— உன்கிட்ட சொன்னா நீ ராத்திரி தூங்க மாட்டியேன்னுதான்...

— அவ தூக்கம் கெட்டா பரவாயில்லை, அப்படித்தானே? அவ்வளவு உரிமை! எனக்கு வயிறு எரியுது. பொறாமைதான், மேடம் எதிர்லயே சொல்றேன், எனக்கென்ன வெக்கம்.

— சரிம்மா, சரி. வீட்டுல போய் வச்சுக்கோங்க இதை. நான் பேரை எழுதித்தான் ஆகணும். கோர்ட்ல இருந்து அவங்களுக்குக் கடிதம் போகும், விசாரணைக்கு அவங்களும் வரலாம்.

— வருவா. வந்து தலையைச் சாய்ச்சு என்னைப் பார்ப்பா. ‘தைரியமா இரும்மா’ன்னு முதுகுல தட்டுவா. கடைத்தெருவுல ஒரு நாள் அப்படித்தான் தட்டினா. அன்னிக்குக் குளிச்சும் அந்தக் கை என் முதுகை விட்டுப் போகலை மேடம்.

— சார், இப்ப பாக்கி எவ்வளவு? நடுவுல எதுவும் திருப்பிக் குடுத்தீங்களா?

— கொஞ்சம் கொஞ்சமா குடுத்தேன் மேடம். சரியா ஞாபகமில்லை. இருங்க, போன் போட்டுக் கேட்டுடறேன்.

— வேண்டாம். ஏங்க, போனை வைங்க கீழ. வைங்கன்னு சொல்றேன்ல!

— நீ கையை எடு முதல்ல... ஹலோ, நான்தான். ஆமா, சாப்பிட்டேன்.

— பாத்தீங்களா மேடம், முதல் கேள்வி.

— இல்ல... அது வந்து, உங்களுக்கு நான் தர வேண்டியது எவ்வளவுன்னு மனுவுல... என்னது? எப்ப?... யாரு வந்தா?... சரி. சரிங்க. வச்சுடறேன்.

— என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? என்ன சொன்னாங்க?

— பாக்கியே இல்லையாம் மேடம். மூணு மாசத்துக்கு முன்னாடியே முழுசா வந்துடுச்சாம். வட்டி வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, அதையும் மேசை மேல எண்ணி வச்சுட்டு, என்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டு, ரசீது எழுதி வாங்கிட்டுத்தான் போனாளாம். இவ.

— இந்தாங்க மேடம் ரசீது. பையிலயேதான் வச்சிருக்கேன். இப்ப அந்தப் பேரை எழுத வேண்டாம்ல?

— வேண்டாம்தான். ஏம்மா, இதை வந்த உடனே சொல்றதுக்கென்ன?

— சொன்னா பணம் ஏதுன்னு கேப்பாரே.

— கேக்கத்தான் கேக்குறேன். ஏது உனக்கு அவ்வளவு பணம்?

— வாரவட்டிக்காரர்கிட்ட வாங்கினேன். என் பேருல, என் கையெழுத்துல.

— அடிப்பாவி! அவன் வட்டி என்னன்னு தெரியுமா உனக்கு? கேக்காம கிடந்த கடனை அடைக்க, கழுத்தைப் பிடிக்கிறவன்கிட்ட போய் கடன் வாங்கிட்டு வந்திருக்கியே!

— அம்மா, நல்லா கேட்டுக்கோங்க. இந்த மனு இவரோட கடனுக்கு மட்டும்தான். நாளைக்கு இவர் கடனெல்லாம் இல்லாம ஆனாலும் நீங்க வாங்கினது அப்படியே உங்க தலையில நிக்கும். யாரும் தள்ளுபடி பண்ண மாட்டாங்க. சரியா?

— தெரியும் மேடம், தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். இனிமே இந்த மனுஷன் கடன்பட்டிருக்கிற ஒரே பொம்பளை நான்தான்.